கிழட்டுக் கப்பலுக்கு என்ன பெயர்?

'ரூல் தி வேவ்ஸ்' என்று ஒரு கணினி விளையாட்டு. 2015-இல் முதல் பதிப்பு வந்தது, இப்போது மூன்றாவது ஓடுகிறது. கிராஃபிக்ஸ் எதையும் எதிர்பார்த்துப் போகாதீர்கள். கப்பல்கள் வெறும் கோட்டுப்படங்கள், மற்றதெல்லாம் அட்டவணை. எக்செல் ஷீட்டை வைத்துக்கொண்டு கடற்படை நடத்துவதுபோல இருக்கும். பிரிட்டன், ஜெர்மனி, ஜப்பான் என்று ஏதாவது ஒரு நாட்டின் கடற்படைத் தலைவர் நீங்கள். மாதத்துக்கு ஒரு நகர்வு. களமருதூரில், கடல் வாசனையே வராத வயல்களுக்கு நடுவே உட்கார்ந்து, நானும் இப்படி நாலைந்து சாம்ராஜ்யங்களை நடத்தியிருக்கிறேன்.

அதில் என்னைப் பிடித்துக்கொண்டது சண்டை இல்லை, கப்பல்கள் வயதாகும் விதம். ஒவ்வொரு கப்பலின் பெயருக்குப் பக்கத்திலும் இரண்டெழுத்துக் குறி ஒன்று இருக்கும். ஏ.எஃப். என்றால் பணியில் இருக்கிறது. ஆர்.எஃப். என்றால் ரிசர்வ்; செலவு குறைவு, ஆட்களின் தேர்ச்சியும் மெல்லக் குறையும். எம்.பி. என்றால் கட்டிப்போட்டு வைத்திருக்கிறது. அதற்கும் கீழே போனால் உடைத்துப் பழைய இரும்பாக்குவதுதான். 1900-இல் என் படையின் பெருமையாக இருந்த போர்க்கப்பல் பத்து வருஷத்தில் ரிசர்வுக்குப் போகும். அப்புறம் ஏதோ ஒரு தூரத்துக் காலனிக்குக் காவல் போகும். ஒரு நாள் பட்ஜெட் இடிக்கும், நான் பட்டனை அழுத்துவேன். பராமரிப்புச் செலவு என்ற எண் கொஞ்சம் இறங்கும். மனசு லேசாகும்.

அந்த லேசு எனக்கு நெருடலாக இருந்தது. ஒன்றை 'பழசு' என்று வகைமாற்றும்போது நாம் உண்மையில் என்ன செய்கிறோம்? அதில் சரி, தவறு என்று ஏதாவது இருக்கிறதா?

*

முதலில், வயது என்பது கப்பலுக்குள் இருக்கும் ஒன்றா?

1906-இல் பிரிட்டன் 'ட்ரெட்நாட்' என்ற கப்பலைக் கடலில் இறக்கியது. பத்து பெரிய பீரங்கிகள், நீராவிச் சுழலி இயந்திரம், அதுவரை இல்லாத வேகம். அது வந்த மறுகணம் உலகின் எல்லாப் போர்க்கப்பல்களும் பழசாகிவிட்டன. ஒரு ஆணிகூடத் துருப்பிடிக்கவில்லை. ஆனாலும் அவற்றுக்கு 'ட்ரெட்நாட்டுக்கு முந்தியவை' என்ற பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. நான் சொன்ன விளையாட்டிலும் அப்படித்தான்: பழைய வகைக்கு ஒரு 'பி', புதிய வகைக்கு இரண்டு 'பி'. ஒரு எழுத்து வித்தியாசம், அவ்வளவுதான்.

இதில் பாவப்பட்ட கப்பல் 'அகமெம்னான்'. அதுவும் அதன் ஜோடியான 'லார்ட் நெல்சனு'ம் ட்ரெட்நாட்டுக்கு முன்பே கட்டத் தொடங்கப்பட்டவை. ட்ரெட்நாட்டை அவசரமாக முடிக்க வேண்டும் என்று இவற்றுக்காகச் செய்து வைத்திருந்த பீரங்கி மேடைகளை எடுத்து அதற்குக் கொடுத்துவிட்டார்கள். அதனால் இவை இரண்டும் 1908-இல்தான் பணிக்கு வந்தன. பிறக்கும்போதே கிழடு. தன்னைக் கிழடாக்கிய கப்பலுக்குத் தன் பீரங்கியையே கொடுத்துவிட்டு வந்த கிழடு. நாலு வருஷம் படித்து முடித்து வெளியே வரும்போது 'இந்தப் படிப்புக்கெல்லாம் இப்ப வேலை இல்ல தம்பி' என்று கேட்டுக்கொண்டவர்களுக்கு அகமெம்னானைப் புரியும்.

ஆனால் அதன் கதை அங்கே முடியவில்லை. 1918 அக்டோபர் 30-ஆம் தேதி, முத்ரோஸ் துறைமுகத்தில், ஒட்டோமான் பேரரசு போர்நிறுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது இந்தக் கப்பலின் மேல்தான். அதன்பிறகு அதை ஆளில்லாமல் வானொலி அலையால் ஓட்டி, சொந்தக் கடற்படையே சுட்டுப் பழகும் இலக்குக் கப்பலாக ஆக்கினார்கள். 1927-இல் உடைக்க விற்றார்கள்.

நம் பக்கத்திலேயே இன்னொன்று இருந்தது. 1959-இல் பிரிட்டனில் விமானந்தாங்கியாகப் பணிக்கு வந்த 'ஹெர்மிஸ்', எழுபதுகளில் கமாண்டோக்களை ஏற்றிச்செல்லும் கப்பலானது, பிறகு நீர்மூழ்கி வேட்டைக்கு மாறியது, மறுபடி ஜெட் விமானம் ஏற்றியது. 1982 ஃபாக்லாந்துப் போரில் முதன்மைக் கப்பல். 1987 மே மாதம் இந்தியக் கடற்படையில் சேர்ந்து 'விராட்' ஆனது. 2017 மார்ச் வரை, இன்னும் முப்பது வருஷம் ஓடியது. கிழடு என்று எழுதி ஒரு ஓரத்தில் போடுவதற்கு எத்தனையோ வாய்ப்பு இருந்தும், ஒவ்வொரு முறையும் யாரோ 'இதை வைத்து வேறென்ன செய்யலாம்' என்று கேட்டிருக்கிறார்கள்.

ஆக, வகை என்பது கப்பலின் குணம் மட்டும் இல்லை. சுற்றி இருக்கும் உலகத்துக்கும் கப்பலுக்கும் இடையே உள்ள உறவுக்கு வைத்த பெயர் அது. சில சமயம் அந்த உறவுகூட மாறாமல் பெயர் மட்டும் மாறும். 1975 ஜூன் 30 அன்று அமெரிக்கக் கடற்படையில் 'ஃப்ரிகேட்' என்று இருந்த பல கப்பல்கள் ஒரே நாளில் 'க்ரூஸர்' ஆயின. சோவியத்திடம் க்ரூஸர்கள் அதிகம், நம்மிடம் குறைவு என்ற பேச்சு அதோடு அடங்கியது. எங்கள் ஊருக்கும் இது புதிதில்லை. தாத்தா காலத்துப் பத்திரத்தில் தென்னாற்காடு மாவட்டம், என் பள்ளிச் சான்றிதழில் விழுப்புரம் மாவட்டம், 2019 நவம்பருக்குப் பிறகு கள்ளக்குறிச்சி மாவட்டம். ஊர் ஒரு அடிகூட நகரவில்லை.

*

பெயர் மாறுவதில் என்ன வந்துவிடப்போகிறது என்று கேட்டால், சந்தைக்குப் போய்ப் பார்க்கச் சொல்வேன். மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார்கள். கடை சேர்ந்துவிட்டதா, தேய்ந்துவிட்டதா? துண்டுக்குள் விரலைப் பிடித்துத் தரகர் விலை பேசுவார். உழவு மாடு, வண்டி மாடு என்று இருந்தது, ஒரு கட்டத்தில் 'அடிமாடு' என்ற சொல்லுக்குள் போய் விழும். அந்தச் சொல் விழுந்தபிறகு அந்த மாட்டுக்கு யாரும் வைக்கோல் கணக்குப் பார்ப்பதில்லை. அதன் எடையை மட்டும்தான் கணக்குப் பார்ப்பார்கள். வகைப்பெயர் வெறும் பெயர் இல்லை. இனி இதனிடம் என்ன கேட்கலாம், இதற்கு என்ன கொடுக்க வேண்டும் என்ற இரண்டு கேள்விக்கும் அது ஒரே மூச்சில் பதில் சொல்லிவிடுகிறது.

அப்படியானால் வகைமாற்றுவதே கொடுமையா? பழசையெல்லாம் அணைத்து வைத்துக்கொள்வதுதான் கருணையா? இங்கே என்னைத் தயங்கவைப்பது ஒரு தேதி.

1914 செப்டம்பர் 22. தமிழ்நாட்டில் அந்தத் தேதி தெரியாதவர்களுக்கும் அதன் பெயர் தெரியும். அன்று இரவுதான் 'எம்டன்' என்ற ஜெர்மன் கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. 'அவன் சரியான எம்டன்' என்று இன்றும் சொல்கிறோம். அதே நாள் காலையில், உலகின் இன்னொரு மூலையில், வட கடலில், அபுகிர், ஹோக், க்ரெஸ்ஸி என்ற மூன்று பழைய பிரிட்டிஷ் க்ரூஸர்கள் ரோந்து போய்க்கொண்டிருந்தன. ரிசர்வில் கிடந்தவற்றைப் போர் வந்ததும் எழுப்பிக் கொண்டுவந்திருந்தார்கள். கடற்படைக்குள்ளேயே அவற்றுக்கு 'உயிர்த்தூண்டில் அணி' என்று கேலிப்பெயர். இவை அங்கே இருக்கக் கூடாது என்று கடற்படை அமைச்சர் சர்ச்சிலே நாலு நாள் முன்பு எழுதியிருந்தார். யு-9 என்ற ஒற்றை நீர்மூழ்கி ஒன்றரை மணி நேரத்துக்குள் மூன்றையும் மூழ்கடித்தது. முதல் கப்பலில் தத்தளித்தவர்களைத் தூக்க மற்ற இரண்டும் நின்றன. நின்ற இடத்திலேயே அடி வாங்கின. 1,459 பேர் செத்தார்கள். அதில் பெரும்பாலோர் அழைப்பு வந்து வீட்டைவிட்டுக் கிளம்பிய ரிசர்வ் ஆட்கள், பிள்ளைகுட்டிக்காரர்கள். கூடவே பயிற்சிப் பள்ளியிலிருந்து நேராக ஏற்றப்பட்ட பதினைந்து வயதுப் பையன்களும் இருந்தார்கள்.

பட்டியலில் அவை பழைய கப்பல்கள். ஆனால் கொடுத்த வேலை புதிய கப்பலின் வேலை. பெயரை இறக்கினார்கள், எதிர்பார்ப்பை இறக்கவில்லை.

இதற்குப் பத்து வருஷம் முன்பு, 1904-இல், அட்மிரல் ஃபிஷர் கடற்படைத் தலைமைக்கு வந்ததும் 154 பழைய கப்பல்களைக் கழித்துக்கட்டினார். சண்டை போடவும் பலமில்லை, தப்பி ஓடவும் வேகமில்லை, எதற்கு இவை என்பது அவர் வாதம். இரக்கமில்லாத மனுஷன் என்று தோன்றும். ஆனால் அந்தக் கப்பல்களிலிருந்து விடுபட்ட மாலுமிகளை அவர் வீட்டுக்கு அனுப்பவில்லை. ரிசர்வில் ஆளில்லாமல் கிடந்த நல்ல கப்பல்களுக்கு அடிப்படைக் குழுவாகப் போட்டார். கப்பலிடம் இரக்கமில்லாதவர் மாலுமிகளைச் சரியாகத்தான் நடத்தியிருக்கிறார். அபுகிரை வைத்துக்கொண்டவர்கள் கப்பலைக் காப்பாற்றினார்கள், ஆட்களை இழந்தார்கள்.

இதை 1971-ஓடும் வைத்துப் பார்க்கலாம். அப்போது கிழக்குக் கடற்படைக்குத் தலைமை தாங்கியவர் நாகர்கோவிலில் பிறந்த வைஸ் அட்மிரல் கிருஷ்ணன். விக்ராந்தைத் தேடி வந்துகொண்டிருந்த பாகிஸ்தானின் 'காஸி' நீர்மூழ்கியை ஏமாற்ற, ஓய்வு பெறவிருந்த 'ராஜ்புத்' என்ற கப்பலை எடுத்தார். இரண்டாம் உலகப் போரில் ஓடிய பிரிட்டிஷ் நாசகாரிக் கப்பல் அது. விக்ராந்த் விசாகப்பட்டினம் அருகே இருப்பதுபோல அதிலிருந்து வானொலிச் செய்திகளைப் பறக்கவிட்டார்கள். டிசம்பர் 3 இரவு கடந்து 4 பிறக்கும் நேரத்தில் காஸி விசாகப்பட்டினத்துக்கு வெளியே மூழ்கியது. எப்படி மூழ்கியது என்பதில் இரு நாடுகளுக்கும் இன்றும் ஒத்துப்போகவில்லை. எனக்கு வேண்டியது வேறு. ராஜ்புத்தும் தூண்டில்தான், அபுகிரும் தூண்டில்தான். ஆனால் ராஜ்புத்தின் கேப்டனுக்குத் தான் என்ன வேஷம் போடுகிறோம் என்று தெரியும். தெரிந்து, ஆழ்குண்டுகளோடு போனார். அபுகிரில் இருந்த பையனுக்கு அவன் தூண்டில் என்று யாரும் சொல்லவில்லை.

*

இப்போது விளையாட்டுக்குத் திரும்பினால், நெருடல் எங்கே இருந்தது என்று தெரிகிறது. பட்டனை அழுத்தியதும் கப்பலோடு அதன் ஆட்களும் காணாமல் போகிறார்கள். எழுநூறு பேர் எங்கே போனார்கள் என்று அந்த அட்டவணை சொல்லாது. விளையாட்டில் அது குற்றமில்லை. அங்கே இருப்பது வெறும் எண்கள். ஆனால் அதே அட்டவணை மொழியை நாம் மனிதர்களிடம் கொண்டுபோகிறோம். 'பெஞ்சில் இருக்கான்', 'சர்ப்ளஸ் ஸ்டாஃப்', 'அவுட்டேட்டட்', 'வயசான பார்ட்டி'. கப்பல் விஷயத்தில் உடலை உடைத்துவிட்டு உள்ளே இருப்பவர்களைக் காப்பாற்ற முடியும். மனித விஷயத்தில் அது முடியாது. கப்பலும் மாலுமியும் ஒரே ஆள். கண் மங்குவது, கை நடுங்குவது, படித்தது பழசாவது எல்லாம் கப்பலுக்கு நடப்பவை. அதை உள்ளிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவர் இருக்கிறார்.

ஆச்சரியம், நம் சட்டம் ஒன்று இதைப் பிரித்துப் பார்த்திருக்கிறது. 1995-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 47-ஆம் பிரிவு. அரசு நிறுவனத்தில் வேலையில் இருக்கும்போது ஒருவருக்கு உடற்குறை வந்தால் அவரை நீக்கக் கூடாது, பதவி இறக்கக் கூடாது. பார்த்த வேலைக்கு ஆகாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலைக்கு மாற்ற வேண்டும். அப்படி ஒரு வேலை காலியாக இல்லையென்றால், கிடைக்கும்வரை அவருக்காகவே ஒரு கூடுதல் பணியிடம் உருவாக்கி வைக்க வேண்டும். 2016-இல் வந்த புதிய சட்டத்திலும் இது தொடர்கிறது. வேலையை வகைமாற்று, ஆளை வகைமாற்றாதே என்கிறது.

எங்கள் பெரியப்பா பேருந்து ஓட்டுநர். பார்வை குறைந்தபிறகு டெப்போவுக்குள் வேலை கொடுத்தார்கள். ஸ்டியரிங் பிடித்த கைக்குப் பேனா. ஊரில் ஒருத்தர் 'என்னங்க, டம்மி ஆக்கிட்டாங்களா' என்று கேட்டபோது அவர் சாதாரணமாகச் சொன்னார்: 'வண்டியத்தான் எடுக்க வேணாம்னாங்க, என்னைய வேணாம்னு யாரும் சொல்லலியே.' அந்த வித்தியாசத்தை அவர் அளவுக்குத் தெளிவாக நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

அந்தச் சட்டம் உடற்குறைக்கு மட்டும்தான். வயதாவதற்கோ கற்ற தொழில் செல்லாமல் போவதற்கோ அதில் இடமில்லை, தனியார் வேலைக்கும் பெரும்பாலும் இல்லை. நம்மில் அதிகம் பேர் அகமெம்னானைப்போல, நமக்குப் பிந்தி வரும் ஏதோ ஒன்றால் திடீரென்று 'முந்தியவர்' ஆகப்போகிறோம். அதைத் தடுக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. தடுக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. ட்ரெட்நாட்டை யாராவது கட்டத்தான் செய்வார்கள்.

1961-இல் பணிக்கு வந்த பழைய விக்ராந்தை 1997-இல் ஓய்வு கொடுத்து, மும்பையில் அருங்காட்சியகமாக வைத்து, கடைசியில் 2014-இல் உடைத்தார்கள். அதன் இரும்பில் கொஞ்சம் எடுத்து ஒரு மோட்டார் சைக்கிள் செய்து விற்றார்கள். நிறையப் பேர் வருத்தப்பட்டார்கள். எனக்கு அவ்வளவு வருத்தமில்லை. இரும்பு இரும்பாகப் போவதில் அநியாயம் இல்லை. அடுத்த முறை ஓர் அலுவலகத்தில், ஒரு வீட்டில், ஓர் அரசாணையில் 'வகைமாற்றம்' என்ற சொல் காதில் விழுந்தால் நான் கேட்க நினைப்பது ஒன்றே ஒன்றுதான்: உள்ளே இருந்தவர்களை எங்கே இறக்கிவிட்டீர்கள்?