நாளையைத் திட்டமிடுவது விசுவாசக் குறைவா?

"போட்ட திட்டம் எது நடந்தது? எல்லாம் ஆண்டவர் சித்தம்." நம் பங்குகளில் ஐம்பது வயதைத் தாண்டிய எவரோடு எதிர்காலத்தைப் பற்றிக் கதைத்தாலும் கடைசியில் இந்த வார்த்தை வந்து நிற்கும். இதைச் சொல்பவர்களைச் சோம்பேறிகள் என்று தள்ளிவிட முடியாது. 1995 ஒக்டோபர் இறுதியில் ஒரே இரவில் வலிகாமத்தை விட்டு நடந்தவர்கள் அவர்கள். 2004 டிசம்பர் 26ஆம் திகதி காலையில் வள்ளத்தையும் வலையையும் பிள்ளையையும் கடலுக்குக் கொடுத்தவர்கள். 2009இல் உயிரைத் தவிர வேறொன்றும் மிஞ்சாமல் முகாம் கம்பிக்குள் வந்து சேர்ந்தவர்கள். 2022இல், ஒரு டொலர் 200 ரூபா அளவில் இருந்து சில மாதங்களுக்குள் 360 ரூபா வரை ஏறியபோது, மகளின் கலியாணத்துக்கென வங்கியில் இட்ட பணம் கண்முன்னே கரையக் கண்டவர்கள். 'இன்னும் ஐந்து வருடத்தில்' என்று யாராவது வாயெடுத்தால் அவர்களுக்குச் சிரிப்பு வருவதில் வியப்பில்லை.

இளைஞருக்கான கருத்தரங்குகளிலோ இதற்கு நேர்மாறான பாடம் கேட்கிறது. உன் இலக்கை எழுது. ஐந்து வருடத்தில் எங்கே, பத்து வருடத்தில் எங்கே என்று குறி. அதைச் சுவரில் ஒட்டு. உறுதியாக நம்பினால் நடந்தே தீரும். இதன் முன்பகுதியில் பயன் உண்டு. எழுதிப் பார்க்காத ஆசை பெரும்பாலும் ஆசையாகவே நின்றுவிடும். பின்பகுதிதான் ஆபத்து. நம்பினால் நடந்தே தீரும் என்று கற்ற பிள்ளை, அது நடக்காதபோது தன் நம்பிக்கையில்தான் குறை இருந்தது என்று தன்னையே குற்றவாளியாக்கிக் கொள்கிறது.

இந்த இரண்டுக்கும் நடுவே கிறிஸ்தவன் எங்கே நிற்பது?

லூக்கா நற்செய்தியின் 12ஆம் அதிகாரத்தில், களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்டத் திட்டமிட்ட செல்வந்தன் மூடன் எனப்படுகிறான். இரண்டே அதிகாரங்கள் தள்ளி, கோபுரம் கட்டுமுன் உட்கார்ந்து செலவைக் கணக்கிடாதவன் ஊராரின் நகைப்புக்கு ஆளாவான் என்கிறார் அதே ஆண்டவர். ஒருவன் திட்டமிட்டதால் மூடன், மற்றவன் திட்டமிடாததால் மூடன் என்றால் அது முரண்பாடன்றோ? செல்வந்தனின் கதையை ஆறுதலாக மறுபடி வாசித்தால் விஷயம் விளங்கும். அவன் தன் விளைச்சலைப் பற்றித் தன்னோடு மட்டுமே பேசுகிறான். அங்கே மனைவி இல்லை, வேலையாள் இல்லை, அயலவன் இல்லை, கடவுளும் இல்லை. அவனுடைய பிழை களஞ்சியத்தின் அளவில் இல்லை. அது யாருக்காக என்ற கேள்வி அவன் மனதில் எழவேயில்லை. கோபுரம் கட்டுபவனின் உவமையோ, சீடனாவதன் விலையைக் கணக்கிட்டுப் பார்க்கும்படி சொல்லப்பட்டது. முன்யோசனை அங்கே விசுவாசத்தின் எதிரியாக அல்ல, அதன் பகுதியாகவே வருகிறது.

புனித தோமஸ் அக்குவினார் இதை இன்னும் துணிவாகச் சொல்வார். மற்றப் படைப்புகள் கடவுளின் பராமரிப்புக்கு உட்பட்டு நடக்கின்றன. மனிதனோ தனக்கும் பிறருக்கும் முன்கூட்டியே வழிவகுக்கும் ஆற்றல் பெற்றிருப்பதால், அந்தப் பராமரிப்பிலேயே பங்காளியாகிறான். ஆகவே அடுத்த போகத்துக்கு விதைநெல் எடுத்துவைக்கும் கமக்காரன் கடவுளின் வேலையில் தலையிடவில்லை, அதற்குக் கைகொடுக்கிறான். வடலி வளர்த்துக் கள்ளுக் குடிக்கிற கதை என்று நம் ஊரில் கேலி செய்வார்கள். ஒரு பனை பயன்தரப் பதினைந்து வருடத்துக்கு மேல் செல்லும் என்பது உண்மைதான். ஆனால் முந்திய தலைமுறையில் யாரோ வடலியைக் காத்திராவிட்டால் இன்று நமக்கு ஒடியலும் இல்லை, கூரைக்கு ஓலையும் இல்லை. "எல்லாம் தலையெழுத்து" என்பதற்குச் சற்று வேதப்பூச்சுப் பூசி "எல்லாம் ஆண்டவர் சித்தம்" என்று நாம் சொல்லும் சந்தர்ப்பங்களும் உண்டு. (மாரிக்கு முன் கூரையைத் திருத்தாமல் விட்டவர் அதைச் சொல்லும்போது கேட்கக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது.)

அப்படியானால் எப்படித் திட்டமிடுவது? இதைப் புனித இஞ்ஞாசியாரிடம் கேட்கலாம். திட்டம் போடுவதில் அவருக்கு நிகரானவர் சிலரே. போட்ட திட்டம் முறிந்ததிலும் அப்படித்தான்.

1521 மே மாதம் பம்பலோனாக் கோட்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்து படுக்கையில் விழுந்தார். அதுவரை அவருடைய வாழ்க்கைத் திட்டம் அரசசபை, வாள், பெயர். படுக்கையில் பொழுதுபோக்க வீரக்கதைகள் கேட்டார். அந்த வீட்டில் இருந்தவையோ கிறிஸ்துவின் சரித்திரமும் புனிதர் வரலாறும்தான். ஒரு சீமாட்டிக்காகத் தான் செய்யப்போகும் வீரச்செயல்களை மணிக்கணக்காகக் கற்பனை செய்வார். பிறகு, பிரான்சிஸ் அசிசியாரைப் போலவும் தோமினிக்குவைப் போலவும் தான் வாழ்வதாகக் கற்பனை செய்வார். அந்த நேரத்தில் இரண்டுமே இனித்தன. ஆனால் முதலாவது கலைந்தபின் மனம் வறண்டு போயிற்று. இரண்டாவது கலைந்தபின்னும் மகிழ்ச்சி தங்கி நின்றது. இந்தச் சின்ன வித்தியாசத்தைக் கவனித்ததுதான் அவருடைய புதுவாழ்வின் தொடக்கம். நாமும் நம் பிள்ளைகளிடம் என்னவாக வர ஆசை என்று கேட்கிறோம். அந்த ஆசையை நினைத்து முடித்தபின் மனம் எப்படி இருக்கிறது என்று கேட்பதில்லை.

எழுந்து நடந்ததும் புதிய திட்டம் ஒன்று: எருசலேமில் வாழ்நாளெல்லாம் தங்கி ஆன்மாக்களுக்கு உதவுவது. 1523இல் அங்கே போயும் சேர்ந்தார். ஆனால் திருத்தலங்களுக்குப் பொறுப்பாயிருந்த பிரான்சிஸ்கன் சபை அதிபர் தங்க விடவில்லை. திரும்பிவந்து, 33 வயதில் பார்சலோனாவில் சிறுவர்களோடு உட்கார்ந்து இலத்தீன் பாலபாடம் படித்தார். (ஒரு வருடம் பிந்திவிட்டதே என்று அழும் நம் மாணவர்கள் இதைக் கவனிக்கலாம்.) பாரிஸ் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெறும்போது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. 1534 ஓகஸ்ட் 15ஆம் திகதி மொன்மார்த்தர் குன்றில் அவரும் ஆறு தோழர்களும் வார்த்தைப்பாடு கொடுத்தபோதும் எருசலேம்தான் இலக்கு. இம்முறை அதோடு ஒரு நிபந்தனையும் சேர்ந்திருந்தது: வெனிசில் ஒரு வருடம் காத்திருந்தும் போக வழி பிறக்காவிட்டால், பாப்பரசரிடம் போய், எங்கே அனுப்பினாலும் போவோம் என்று தங்களை ஒப்புக்கொடுப்பது.

1537இல் வெனிசுக்கும் துருக்கியருக்கும் இடையே போர். யாத்திரைக் கப்பல் ஓடவில்லை. அவர்கள் உரோமைக்குப் போனார்கள். 1540இல் இயேசு சபை அங்கீகாரம் பெற்றது. அதே வருடம் இந்தியாவுக்குப் போகவேண்டியிருந்த தோழர் நோயில் விழ, அவருக்குப் பதிலாகக் கடைசி நேரத்தில் புறப்பட்டவர் பிரான்சிஸ் சவேரியார். 1544இல் மன்னாரில் விசுவாசத்துக்காக இரத்தம் சிந்தியவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தது சவேரியார் அனுப்பிவைத்த குருவானவர். ஓடாத ஒரு கப்பலும் ஒருவருடைய நோயும் நம் மண்ணின் விசுவாச வரலாற்றோடு இப்படித் தொடர்புபட்டிருக்கின்றன. இஞ்ஞாசியாரோ எருசலேமை மறுபடி காணவேயில்லை. உரோமையில் ஒரு மேசைக்கு முன் இருந்து ஆயிரக்கணக்கான கடிதங்கள் எழுதி, சபையை நடத்தி, 1556இல் அங்கேயே இறந்தார். அவர் முதலில் விரும்பிய இடமும் அல்ல, முதலில் விரும்பிய வேலையும் அல்ல. ஆன்மாக்களுக்கு உதவுவது என்ற நோக்கம் மட்டும் அப்படியே இருந்தது.

தமது 'ஆன்மீகப் பயிற்சிகள்' நூலில் அவர் ஒரு தலைகீழ் நிலையைச் சுட்டிக்காட்டுகிறார். பலர் திருமணத்தையோ வருமானமுள்ள பதவியையோ முதலில் தெரிந்துகொள்கிறார்கள். பிறகு அதற்குள் இருந்தபடி கடவுளுக்கு ஊழியம் செய்யப் பார்க்கிறார்கள். வழியாக இருக்கவேண்டியது நோக்கமாகிவிடுகிறது. நோக்கம் ஒட்டுப்போட்ட துணியாகிவிடுகிறது. நம் வீடுகளுக்கு இது எவ்வளவு பொருந்துகிறது! கனடா என்று முதலில் தீர்மானமாகிறது. காணி விற்கப்படுகிறது. முகவருக்குப் பணம் கட்டப்படுகிறது. அதற்குப் பிறகுதான் மடுமாதாவுக்கு நேர்த்தி. மாதாவிடம் நாம் வழி கேட்கவில்லை, விசா கேட்கிறோம். வெளிநாடு போவது பாவமல்ல. அங்கிருந்து வந்த பணத்தால் இங்கே எத்தனையோ குடும்பங்கள் நிமிர்ந்தன. ஆனால் 'எதற்காக' என்ற கேள்வி 'எங்கே' என்ற கேள்விக்குப் பின்னால் வந்தால், போய்ச் சேர்ந்தவனுக்கும் நிம்மதியில்லை, போக முடியாதவனுக்கும் வாழ்வில்லை.

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வெளிவரும் வாரத்தில் இதைக் கண்கூடாகக் காணலாம். சில வீட்டார் நன்றித் திருப்பலி ஒப்புக்கொடுக்க வருகிறார்கள். சில வீடுகளின் முன்கதவு நண்பகலிலும் சாத்திக் கிடக்கிறது. யாரும் இறந்துவிடவில்லை, ஆயினும் செத்தவீட்டு மௌனம். நோயாளியின் வேதனையைத் தணிக்க வேண்டும் என்று படித்த பிள்ளைக்கு மருத்துவபீடம் ஒரு வழி. அது அடைபட்டால் அழுகை வரும், பிறகு தாதியர் பயிற்சி, மருந்தாளர், ஆய்வுகூடம் என்று வேறு வழிகளும் கண்ணில் படும். ஊரார் டொக்டர் என்று கூப்பிட வேண்டும் என்று படித்த பிள்ளைக்கு வழி ஒன்றே. இருவரும் படித்தது ஒரே புத்தகம். போனது ஒரே ரியூஷன் வகுப்பு. அதுவரை வெளிப்பார்வைக்கு வித்தியாசம் தெரிவதில்லை.

இன்னொன்றையும் ஒளிக்காமல் எழுதவேண்டும். பல வீடுகளில் அந்தத் திட்டம் பிள்ளையுடையதே அல்ல. "தம்பி, பெரிய ஆளா வந்து என்ன செய்யப் போறாய்?" என்று மாமி கேட்டால், நாலு வயதுப் பிள்ளை தாயின் முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் "டொக்டர்" என்கிறது. பெற்றோர் வழிகாட்டக் கூடாதென்பதல்ல. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 'இன்றைய உலகில் திருச்சபை' என்ற ஏட்டில், பிள்ளைகளின் திருமணத்தைப் பற்றிப் பேசுகையில், பெற்றோர் விவேகத்தோடு ஆலோசனை கூறவேண்டும், பிள்ளைகள் அதை மனமுவந்து கேட்கவேண்டும், ஆனால் நேரடியான வற்புறுத்தலும் மறைமுகமான வற்புறுத்தலும் கூடாது என்று எல்லை வகுத்தது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 219ஆம் இலக்கம், வாழ்க்கை நிலையைத் தெரிவுசெய்வதில் எவ்வித வற்புறுத்தலுக்கும் ஆளாகாதிருக்க விசுவாசிகள் யாவருக்கும் உரிமை உண்டென்கிறது. அச்சட்டம் இல்லறம், துறவறம் போன்ற நிலைகளைப் பற்றியது. தொழில் தெரிவுக்கும் அதன் கருத்துப் பொருந்தும் என்றே எனக்குப் படுகிறது.

மறைமுக வற்புறுத்தலுக்கு அடியும் வேண்டாம், ஏச்சும் வேண்டாம். "உனக்காகத்தானே நான் பட்டினி கிடந்தேன்" என்ற ஒரு வார்த்தை போதும். உண்மையாகவே பட்டினி கிடந்த தாய் அதைச் சொல்லும்போது அது இன்னும் கனக்கிறது. அவளுடைய தியாகத்தை யாரும் குறைத்து மதிக்க முடியாது. ஆனால் கொடையாகத் தொடங்கிய ஒன்று கடன்சீட்டாக மாறினால், அந்தக் கடனைத் தீர்ப்பதே பிள்ளையின் வாழ்க்கை இலக்காகிவிடுகிறது. கடவுள் தன்னை எதற்கு அழைக்கிறார் என்று கேட்க அதற்கு இடமே இருப்பதில்லை.

தெரிவு செய்யவேண்டிய வேளைக்கு இஞ்ஞாசியார் ஓர் எளிய முறை சொல்கிறார். முன்பின் அறியாத ஒருவர் உன்னிடம் வருகிறார். உன்னுடைய கேள்வியே அவருடைய கேள்வியும். அவருடைய முழு நன்மையை விரும்பி நீ என்ன ஆலோசனை சொல்வாய்? அதையே நீயும் செய். அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு நாம் சொல்லும் புத்தி எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று எண்ணினால் இதன் விவேகம் புரியும். வீட்டில் செபமாலை முடிந்தபின் தாயும் தகப்பனும் பிள்ளையும் இதைத் தனித்தனியே எழுதிப் பார்க்கலாம். மூன்று தாள்களும் ஒத்துப்போகாவிட்டால் அன்றே தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை.

மனம் இருண்டிருக்கும் வேளையில் முன்பு எடுத்த நல்ல தீர்மானத்தை மாற்றக்கூடாது என்பதும் அவர் வகுத்த விதி. பெறுபேறு வந்த கிழமையே படிப்பை நிறுத்துவதும், கலியாணம் பேசுவதும், வட்டிக்குக் கடன்பட்டு வெளியே அனுப்ப ஆள் தேடுவதும் இருட்டில் எடுக்கும் முடிவுகள். ஒரு மாதம் பொறுப்பதால் குடி முழுகிவிடாது. பிள்ளை சாவைப் பற்றிப் பேசினால் மட்டும் ஒரு நாளும் பொறுக்கக்கூடாது. அங்கே நோக்கம், வழி என்ற விளக்கங்கள் எல்லாம் பிறகு. கூடவே இருக்க ஒரு ஆளும், உடனே ஒரு வைத்தியரும் வேண்டும். உறவினர் வந்தால், எத்தனை 'ஏ', எத்தனை 'பி' என்று விசாரிக்காமல், ஒரு தேத்தண்ணீர் குடித்து, பிள்ளை தானாக வாய் திறக்கும்வரை பக்கத்தில் இருந்துவிட்டுப் போகலாம்.