சீராக வந்த சோபாவும் வீட்டுப் பூனையும்

முக்கூடல் வீடுகளுக்குள் சோபா பெரும்பாலும் கல்யாணச் சீரோடுதான் வருகிறது. கட்டில், பீரோ, மெத்தை, பாத்திரம் பண்டம், அவற்றோடு மூன்று பேர் உட்காரும் சோபா ஒன்று, ஒற்றை இருக்கை இரண்டு. அந்தச் சோபாவின் விலைக்குள் பெண்ணைப் பெற்றவள் பல வருஷம் சுற்றிய பீடி இருக்கிறது. மடியில் சுளகு, சுளகில் வெட்டிய இலையும் தூளும், ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. தாமிரபரணிக் கரையில் இந்த ஊரும் அக்கம்பக்கத்து ஊர்களும் தலைமுறைகளாக அந்தச் சுளகை நம்பிப் பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கின்றன, கட்டிக் கொடுத்திருக்கின்றன. அப்படிச் சேர்த்த காசில் வந்த பொருளின் கைப்பிடியில் பூனை நகத்தைப் பதிக்கும்போது வீட்டில் எழும் கோபத்தை வெறும் பொருளாசை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. பல வீடுகளில் கடையில் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் தாளைக்கூட வருஷக்கணக்கில் பிரிக்காமல் வைத்திருக்கிறார்கள். தாள் பழுத்து மஞ்சளாகிவிடும். உட்கார்ந்தால் தொடையில் ஒட்டும். கைப்பிடி ஓரத்தில் மட்டும் ஊசியால் குத்தியதுபோல வரிசையாகத் துளைகள் தெரியும். பூனை ஏற்கெனவே வந்து போயிருக்கிறது.

கோபத்தை மதிக்கலாம். அது போய் முடியும் இடத்தை மதிக்க முடியாது. "சோபாவைப் பூராம் கீறிப்போட்டுட்டு. சாக்குல போட்டு ஆத்துக்கு அந்தப் பக்கம் விட்டுட்டு வந்துருங்க" என்று யாராவது ஒரு பெரியவர் சொல்லுவார். சொன்னவரும் கொடுமைக்காரர் இல்லை, சாக்கைத் தூக்கிக்கொண்டு போகிறவரும் இல்லை. ஆனால் சோறும் பாலும் வைத்து வளர்த்த பூனைக்கு வேற்றூரில் ஒரு மூலைகூடச் சொந்தம் கிடையாது. எந்தத் தெருவிலும் முன்பே இருக்கும் பூனைகள் அதை விரட்டும், நாய் துரத்தும், மூடிய கதவு எதுவும் அதற்குத் திறக்காது. ஆற்றைச் சுற்றி நடந்து வீடு திரும்பிய பூனைகளின் கதையை நாம் அதிசயமாகச் சொல்லிக்கொள்கிறோம். திரும்பாதவற்றைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. பசியிலும் தாகத்திலும் வாடும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டம் முதல் குற்றத்துக்கு விதித்த அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை.

சோபா வாங்கப் போகும் முன்பே பூனையை நினைக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். நல்ல பராமரிப்பில் ஒரு வீட்டுப் பூனை பதினைந்து வருஷம்கூட இருக்கும். கடைகளில் விற்கும் நுரை சோபாக்களில் பல அதில் பாதிக் காலம் தாங்குவதில்லை. நீண்ட நாள் இருக்கப் போகிறவருக்கு ஏற்றபடிதான் பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பூனை ஏன் கீறுகிறது என்பது தெரிந்தால் பாதி வழி தெளிவாகிவிடும். நகத்தின் பழைய மேல்கூடு உரிந்தால்தான் உள்ளிருக்கும் புது நகம் வெளியே வரும். தூங்கி எழுந்ததும் முதுகையும் தோளையும் முழுக்க நீட்டி முறிக்க அதற்கு ஒரு பிடிமானம் வேண்டும். பாதத்தில் இருக்கும் சுரப்பிகளின் வாசனையை ஓரிடத்தில் பதித்து, இது என் இடம் என்று அறிவிக்கவும் வேண்டும். அந்த அறிவிப்பை அது ஆளில்லாத கொல்லையில் செய்வதைவிட, வீட்டார் கூடி உட்காரும் இடத்தில்தான் அதிகம் செய்யும். நம்முடைய வாசனை எங்கே தங்கியிருக்கிறதோ அங்கேதான் தன்னுடையதையும் சேர்த்து வைக்கும். நடு ஹாலில், நாள் முழுக்க நகராமல், உட்காருகிறவர் எல்லாருடைய வாசனையையும் வாங்கிக்கொண்டு நிற்கும் ஒரே பொருள் சோபா. வீட்டாரோடு சேர்ந்து இருக்க விரும்பும் பிராணி அதைத் தேர்ந்தெடுப்பதில் துளியும் பகை இல்லை.

நம் வீடுகளில் முன்பு இந்தச் சிக்கல் இல்லாததற்குக் காரணம் அப்போதைய இருக்கைகள்தான். கோரைப்பாய் பொழுது விடிந்ததும் சுருட்டி மூலையில் சாத்தப்பட்டுவிடும். பூனை வரும் நேரத்தில் அது தரையில் இராது. சேரன்மகாதேவிக்குப் பக்கத்துப் பத்தமடையில் லெப்பைமார் குடும்பங்கள் நெய்யும் மெல்லிய பாய், கோரையைக் கீறித் தண்ணீரில் நாள்கணக்காக ஊறப்போட்டு, மறுபடி சன்னமாகப் பிளந்து, பருத்தி நூல் பாவில் கோத்து நெய்வது. மணமக்கள் பேரைப் போட்டு நெய்த கல்யாணப் பாயை விசேஷத்துக்கு விரிப்பார்கள், முடிந்ததும் சுருட்டித் துணியில் சுற்றி வைப்பார்கள். அருமையான பொருளைப் பயன்படுத்திவிட்டு எடுத்து வைப்பது என்பது அப்போது இயல்பாக நடந்த காரியம். திண்ணை கல்லாலோ சிமெண்டாலோ ஆனது. அதில் எந்த நகமும் இறங்காது. மர பெஞ்சும் ஊஞ்சல் பலகையும் அப்படித்தான். எடுத்து வைக்க முடியாததும் துவைக்க முடியாததும் மெத்தென்று இருப்பதுமாக, மூன்று குணமும் ஒன்றாக அமைந்த முதல் இருக்கை சோபாதான்.

இனிக் கடைக்குள் போகலாம். விற்பனையாளர் முதலில் காட்டுவது ரெக்ஸின். துணியின் மேல் பிவிசி பூசிய சரக்கு. ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்தால் போதும் என்பார், அது உண்மைதான். ஆனால் நெல்லைச் சீமையின் சித்திரை வெயிலில் அது முதுகோடு ஒட்டும். தையல் ஓரங்களில் சில வருஷத்தில் பொருக்கு விட்டு உரியத் தொடங்கும். நகம் குத்திய ஒவ்வொரு துளையும் அப்புறம் கிழிசலாக நீளும், தைத்தாலும் நிற்காது. உண்மைத் தோல் அதைவிடக் கெட்டி, ஆனால் நகம் போட்ட கோடு அதிலும் கோடாகவே இருந்துவிடும். சணல் சாயலில் முண்டும் முடிச்சுமாக நெய்த துணி பார்வைக்கு அழகாக இருக்கும். பூனை வீட்டுக்கு அதைவிட மோசமான தேர்வு இல்லை; ஒவ்வொரு வளையத்திலும் நகம் மாட்டும், மாட்டியதை அது இழுக்கும், நூல் உருவிக்கொண்டு வரும். வளையமே இல்லாமல் நெருக்கி நெய்த மைக்ரோஃபைபர், கட்டை மயிர் வெல்வெட் இவற்றில் நகத்துக்குப் பிடி கிடைப்பது அரிது. பிடி கிடைக்காத இடத்தைப் பூனையும் நாளடைவில் விட்டுவிடும். உதிர்ந்த முடியைக் கையில் ரப்பர் உறை மாட்டி, லேசாக ஈரம் பண்ணி வழித்தால் திரண்டு வந்துவிடும்.

துணியின் உழைப்பைச் சொல்ல இப்போது எண்களும் காட்டுகிறார்கள். கம்பளித் துணியை வைத்து ஆயிரக்கணக்கான முறை தேய்த்துப் பார்க்கும் மார்ட்டின்டேல் சோதனையில் 20,000 முதல் 25,000 தேய்ப்பு வரை தாங்கினால் வீட்டு உபயோகத்துக்குப் போதும் என்பது பொதுவான கணக்கு. அந்த எண் மனிதர்கள் உட்கார்ந்து எழும் தேய்மானத்தை அளக்கிறது. குத்தி இழுக்கும் நகத்தை அது அளப்பதில்லை. கடையில் ஒரு துண்டுத் துணி மாதிரி கேட்டு வாங்கி, ஊக்கின் முனையால் மெதுவாக இழுத்துப் பாருங்கள். ஊக்கு மாட்டினால் நகமும் மாட்டும்.

துணியைவிடக் கவலைக்குரியது உள்ளே இருக்கும் நுரை. 32 டென்சிட்டி, 40 டென்சிட்டி என்று சொல்வது ஒரு கன மீட்டர் நுரையின் எடை இத்தனை கிலோ என்பதைத்தான். எடை கூடினால் உட்கார்ந்த பள்ளம் சீக்கிரம் விழாது, அவ்வளவுதான். பூனை ஒரு தடவை அதில் சிறுநீர் கழித்துவிட்டால் 40 டென்சிட்டியும் 32-ம் ஒன்றே. பூனைச் சிறுநீரில் இருக்கும் யூரிக் அமிலம் காய்ந்து படிகமாகிவிடும், வெறும் தண்ணீரில் எளிதில் கரையாது. மேலே துடைத்து, காற்றாட வைத்து, வாடை போய்விட்டது என்று நினைத்திருப்போம். ஐப்பசி மழையில் காற்று ஈரமானதும் அதே வாடை எழும்பும். என்சைம் கலந்த திரவம்தான் அந்தப் படிகத்தை உடைக்கும். அது இல்லையென்று பலர் பினாயிலைக் கரைத்து ஊற்றுகிறார்கள். இதைச் செய்யவே கூடாது. பினால் வகைக் கிருமிநாசினிகளை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. சோபாவில் ஊற்றியது பூனையின் பாதத்திலும் மயிரிலும் ஒட்டும், மயிரில் ஒட்டியதெல்லாம் நாக்கு வழியாக வயிற்றுக்குப் போகும்.

பூனையின் நாக்கு எங்கள் ஊரில் இன்னொரு வகையிலும் கணக்கில் வர வேண்டியது. ஹாலில் டிவியைப் பார்த்துக்கொண்டு, சோபாவின் அடியில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டித் தரையில் உட்கார்ந்து பீடி சுற்றும் வீடுகள் இங்கே உண்டு. புகையிலைத் தூள் கண்ணுக்குத் தெரியாமல் பறந்து துணியில் இறங்கும். அதன் மேல் பூனை படுக்கும், எழுந்ததும் தன் மயிரை நக்கிச் சுத்தம் செய்யும். அமெரிக்காவில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் பங்கேற்று 2002-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, புகை பிடிப்பவர் இருக்கும் வீட்டுப் பூனைகளுக்கு லிம்போமா என்ற புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்ற பூனைகளைவிட இரு மடங்குக்கு மேல் என்று கண்டது. மயிரில் படிந்த துகளை நக்குவதும் அதற்கு ஒரு வழியாக இருக்கலாம் என்றார்கள். அது புகை பற்றிய ஆய்வு, தூள் பற்றியது அல்ல. ஆனாலும் நிக்கோட்டின் பூனைக்கு நஞ்சு என்பதில் சந்தேகம் இல்லை. அந்தத் தூள் சுற்றுகிற பெண்ணின் மூச்சிலும் போகிறது என்பதை இங்கே சொல்லாமல் விடுவது நியாயம் ஆகாது. வாரம் ஒரு முறை கழற்றித் துவைக்கக்கூடிய உறை இருவருக்கும் வேண்டும்.

தூளுக்கு அடுத்து நூல். பீடி கட்டிய நூலின் துண்டுகள் மெத்தை இடுக்குகளில் சேரும். அசைகிற நூலைக் கண்டால் பூனை விளையாடும், விளையாட்டில் விழுங்கிவிடும். அதன் நாக்கில் உள்ள முட்கள் உள்நோக்கி இருப்பதால் வாயில் போன நூலைத் துப்புவது அதற்குக் கடினம். விழுங்கிய நூல் குடலைச் சுருக்கி இழுத்து அறுக்கும், அறுவை சிகிச்சை வரை கொண்டுபோகும். வாயிலோ பின்பக்கமோ நூல் தொங்கினாலும் கையால் பிடித்து இழுக்கக் கூடாது. எனவே கையே நுழையாத இடுக்குகள் கொண்ட சோபா எங்கள் ஊருக்கு ஆகாது. மெத்தையைத் தூக்கினால் அடிப்பலகை தெரிய வேண்டும், துடைப்பம் போக வேண்டும்.

இவ்வளவும் சேர்த்துப் பார்த்தால் எனக்குச் சரியென்று படுவது உள்ளூர் ஆசாரி செய்து தரும் மரச் சோபாதான். வேம்போ பூவரசோ தேக்கோ, வசதிக்கு ஏற்றபடி. கைப்பிடியும் முதுகும் வெறும் மரமாகவே இருக்கட்டும். பூனை முதலில் கை வைப்பது அந்த இரண்டில்தான். பிரம்புப் பின்னல் வேண்டாம், அது நகத்துக்கு இலக்கு. அடியில் துடைப்பம் தாராளமாகப் போகும் உயரம். மேலே தனித்தனி மெத்தைகள், இலவம்பஞ்சோ தேங்காய் நாரோ அடைத்தவை, வெயிலில் போட்டுத் தட்டக்கூடியவை. ஜிப் வைத்த உறை இரண்டு செட். ஒன்று கொடியில் காயும்போது ஒன்று மெத்தையில். உள்ளே தண்ணீர் இறங்காத மெல்லிய உறை இன்னொன்று. நிறத்தைப் பூனையின் நிறத்துக்குப் பக்கமாக எடுத்தால் தினமும் முடியைப் பார்த்து மனம் சலிக்க வேண்டாம்.

இப்படிக் கழற்றி மாட்டும் இருக்கைக்கு இன்னொரு சாட்சியும் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி கரை மீறி ஊர்களுக்குள் வந்தது. வெள்ளம் வடிந்த பிறகு தெருவில் தூக்கிப்போட வேண்டி வந்தவை நுரையும் பலகையும் சேர்த்து ஒட்டிய பொருள்கள். சேறு குடித்த நுரையை ஒன்றும் செய்ய முடியாது. கட்டை மரத்தைக் கழுவி நிழலில் காயவைத்தால் திரும்ப உட்காரலாம்.

சோபாவை மாற்றினால் மட்டும் போதாது, கீற ஓர் இடமும் கொடுக்க வேண்டும். பனை நாடு நம்முடையது. மூன்றடிப் பனங்கட்டை ஒன்றை ஆடாமல் நிற்கும்படி அடியில் பலகை அடித்து நிறுத்தி, தேங்காய்நார்க் கயிற்றை நெருக்கமாகச் சுற்றிவிட்டால் போதும். பூனை முழுக்க நீட்டி முறிக்க அந்த உயரம் வேண்டும். கட்டை ஆடினால் ஒரு தடவைக்கு மேல் வராது. அதைக் கொல்லையில் வைத்துப் பயனில்லை. அழகு கெட்டாலும் சோபாவுக்குப் பக்கத்திலேயே, வீட்டார் உட்காரும் இடத்திலேயே வைக்க வேண்டும். அமெரிக்காவில் இந்தத் தொல்லைக்கென்று பூனையின் ஒவ்வொரு விரலிலும் கடைசி எலும்பை வெட்டி எடுத்து வந்தார்கள். நியூயார்க் மாநிலம் அதை 2019-இல்தான் தடை செய்தது. ஒரு சுருள் கயிற்றில் தீரும் காரியத்துக்கு அத்தனை விரல்கள்.

கடைசியாக ஒன்று. மண் தொட்டியில் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த பூனை திடீரென்று சோபாவில் சிறுநீர் கழித்தால் அதைத் திமிர் என்று நினைத்து அடிக்காதீர்கள். நோய் வந்திருக்கலாம். ஆண்பூனை அடிக்கடி குந்தி, முக்கி, சொட்டுச் சொட்டாகவே போனால் சிறுநீர்ப்பாதை அடைத்திருக்கக் கூடும்; முழுக்க அடைத்துவிட்டால் இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும். திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. விடியட்டும் என்று காத்திராமல் அருகில் இருக்கும் கால்நடை மருத்துவரிடமோ அங்கேயோ உடனே கொண்டுபோக வேண்டும். உறையை வந்து துவைத்துக்கொள்ளலாம்.