ஈகையா, கடனா?

நம் இல்லத்தில் பாத்திரம் துலக்கி, பெருக்கித் துடைக்கும் பெண்மணி மூன்று வாரங்கள் வரவில்லை. மஞ்சள் காமாலை. நான்காம் வாரம் மெலிந்த உடலோடு வந்து நின்றார். அவர் வேலை செய்த நான்கு வீடுகளில் இரண்டு, வராத நாள்களுக்குச் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டன. ஒன்று வேறு ஆளை அமர்த்திக்கொண்டது. பங்கின் வின்சென்ட் தே பவுல் சபையினர் இரண்டாயிரம் ரூபாய் கொடுத்தனர். நாம் ஐந்நூறு கொடுத்தோம். கொடுத்தபின் நம் மனம் நிறைந்திருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. அவரோ, "சம்பளத்துல கொஞ்சம் கொஞ்சமா பிடிச்சுக்கங்கம்மா" என்றார். நாம் ஈகையெனக் கொடுத்ததை அவர் கடனெனக் கொண்டார். உண்மையில் கடன்பட்டவர் யார்?

இதே நோய் ஓர் ஆலைத் தொழிலாளிக்கு வந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? 1948-இல் நிறைவேறிய தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டத்தை மக்கள் 'இ.எஸ்.ஐ.' என்றே அறிவர். 1952-இல் கான்பூரிலும் தில்லியிலும் தொடங்கிய இத்திட்டம் 1955-இல் கோயம்புத்தூருக்கு வந்தது. இதில் சேர்ந்தவருக்கும் அவர் குடும்பத்தாருக்கும் மருத்துவம் கிடைக்கிறது. அதனினும் மேலாக, உரிய நாள்கள் சந்தா செலுத்தியவர் நோயால் வேலைக்குச் செல்ல இயலாதபோது, கூலியில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள்கள் வரை கிடைக்கிறது. அவர் எவரிடமும் கைநீட்டுவதில்லை. எவருக்கும் நன்றி சொல்லவேண்டியதுமில்லை. 2019 சூலையில் குறைக்கப்பட்டபின் இதற்கான சந்தா கூலியில் 4 விழுக்காடே: முதலாளி 3.25, தொழிலாளி 0.75.

மருந்தகங்களில் காத்திருப்பு நீளம், மருந்து சில நாள் இருப்பதில்லை என்னும் குறைகளை நாமும் கேட்டிருக்கிறோம். ஆயினும் அது உரிமையுள்ளவர் சொல்லும் குறை.

இச்சட்டம் குறைந்த கூலி பெறுவோர்க்கென்றே எழுந்தது. 2017-இல் கூலி வரம்பு மாதம் 21,000 ரூபாய் ஆக்கப்பட்டது. ஆனால் பத்துப் பேருக்குக் குறையாமல் பணிபுரியும் நிறுவனத்தையே சட்டம் தேடிச் செல்கிறது. 2020-இல் இயற்றப்பட்டு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, சிறு நிறுவனங்களும் இருதரப்பு இசைவோடு சேரலாம் என வழிவிட்டது. இசையும் முதலாளிகள் எத்தனை பேர் என்பதை வாசகர் எண்ணிப் பார்க்கட்டும். வீடோ நிறுவனமே அன்று. ஆகவே, நம் சமையலறையில் உழைப்பவர் மிகக் குறைந்த கூலி பெறுபவராயினும் வாசலுக்கு வெளியே நிற்கிறார்.

"அரசின் காப்பீட்டு அட்டை இருக்கிறதே" என்பர் சிலர். உண்மைதான். 2009-இல் தொடங்கி 2012-இல் புதுவடிவம் பெற்ற தமிழக அரசின் மருத்துவக் காப்பீடு எத்தனையோ ஏழைகளின் இதயத்தையும் சிறுநீரகத்தையும் காத்திருக்கிறது. அதைக் குறைத்துப் பேசுவது நன்றிகேடு. ஆனால் அது பெரும்பாலும் அறுவைக்கும் மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கும் உரியது. பாயில் படுத்துக் கஞ்சி குடித்துக் கடந்த மூன்று வாரத்தின் கூலியை அது தருவதில்லை. ஏழையை முதலில் வீழ்த்துவது பெரும்பாலும் நோயன்று, வேலையிழந்த நாள்களே.

உழைப்பவருக்கு மருத்துவம் எளிதில், மலிவாக, இயலுமாயின் இலவசமாகவே கிடைக்கவேண்டும் என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981-இல் உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில் கூறுகிறார். அவர் அதை இரக்கத்தின் கீழ் வைக்கவில்லை. கூலியைப் பற்றிப் பேசுமிடத்திலேயே வைக்கிறார். பத்தாண்டு நம் வீட்டுத் தண்ணீரில் ஊறிய கைகள் அவை. தேய்ந்த எந்திரத்தைப் பழுதுபார்க்கும் செலவை ஆலை தன் கணக்கில் எழுதும். தேய்ந்த உடலின் செலவை நாம் மட்டும் தர்மக் கணக்கில் எழுதுகிறோம்.

இந்த மனப்பாங்கு நமக்கு மட்டும் உரியதன்று. 1911-இல் இங்கிலாந்தில் லாயிட் ஜார்ஜ் கொண்டுவந்த தேசியக் காப்பீட்டுச் சட்டம் வீட்டுப் பணியாளரையும் உள்ளே சேர்த்தது. எசமானியர் வாரந்தோறும் பணியாளரின் அட்டையில் முத்திரை ஒட்டவேண்டும். உடனே எழுந்தது கூக்குரல். அவ்வாண்டு நவம்பரில் இலண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில் எசமானியர் திரண்டனர்; பணிப்பெண்கள் சிலரையும் உடன் அழைத்து வந்தனர். முத்திரையை நாவால் நனைப்பதா என்றனர். எசமானிக்கும் பணிப்பெண்ணுக்கும் உள்ள அன்புறவைச் சட்டம் கெடுத்துவிடும் என்றும் வாதிட்டனர். 1912 சூலையில் சட்டம் நடைமுறைக்கு வந்தது, முத்திரைகளும் ஒட்டப்பட்டன. 'எங்கள் வீட்டுப் பிள்ளை போலத்தான் வைத்திருக்கிறோம்' என்று நாம் சொல்வதும் அவ்வன்பின் மொழிதான். வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் யாரும் சம்பளம் பிடிப்பதில்லை.

நான்கு வீடுகளில் வேலை செய்பவருக்கு முதலாளி யார் என்பது நேர்மையான கேள்வியே. கட்டடத் தொழிலாளிக்கும் நிலையான முதலாளி இல்லை. அதனால்தான் 1996-இல் வந்த சட்டத்தின் வழியே, கட்டடச் செலவில் 1 விழுக்காடு நலவரியாகப் பெறப்படுகிறது. தமிழகத்தில் வீட்டுப் பணியாளர் நலவாரியம் 2007-இலேயே அமைந்தது. பெயர்ப் பதிவுக்கு இடம் உண்டு. வீட்டுக்காரரிடமிருந்து சந்தா பெறுவதே இல்லை.

நாம் கணக்கிட்டுப் பார்த்தோம். வீட்டுக்கு மூவாயிரமாக அவர் மாதம் 12,000 ரூபாய் ஈட்டுகிறார் எனக் கொள்வோம். இ.எஸ்.ஐ. விகிதப்படி அவர் பங்கு 90 ரூபாய். முதலாளியின் பங்கு 390. நான்கு வீடுகளும் பகிர்ந்தால் வீட்டுக்கு 97 ரூபாய் 50 காசு.

ஞாயிறு திருப்பலி முடிந்து நண்பர் சிலரிடம் இதைச் சொன்னோம். ஒருவர், இப்படித் தொடங்கினால் நாளை வைப்புநிதியும் கேட்பார்கள் என்றார். கேட்கட்டுமே என்றோம். மற்றொருவர் சற்று யோசித்து, "நான் கட்டத் தயார். எந்த அலுவலகத்தில் கட்டவேண்டும்?" என்று கேட்டார். அப்படி ஓர் அலுவலகம் இல்லை என்று அவரிடம் சொல்லவேண்டியிருந்தது.