உடையவர் ஊரில் இன்னொரு பூட்டு

ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமானுஜருக்கு உடையவர் என்று ஒரு பெயர். இன்று அந்த ஊரில் அதிகம் காதில் விழுவது ‘ஓனர்’. வல்லம் வடகாலில் 2024இல் 18,720 பெண்கள் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை ஆலைகளுக்கு வந்த மற்றவர்களில் பலருக்கு லைன் வீடுதான். வரிசையாக அறைகள், ஒரே போர்வெல், அதன் மோட்டார் சுவிட்ச் ஓனர் வீட்டுக்குள். ஆளைக் கிளப்பக் கை ஓங்க வேண்டியதில்லை, சுவிட்சைப் போடாமல் இருந்தால் போதும். அதற்கும் மசியாதவர் நைட் ஷிஃப்ட் முடிந்து வரும்போது கதவில் இன்னொரு பூட்டு தொங்கும். ‘என் வீடு, நான் பூட்டுகிறேன்.’ அந்த ‘என்’ எதுவரை செல்லும்?

வாடகை ராமானுஜரின் பொருளல்ல. உடைமை அவருடைய பொருள். ஓர் உயிர் தன் பொருட்டு முழுக்கத் தாங்கி ஆள்வதும் அந்த உயிருக்கே உரியதுமான பொருள் எதுவோ அதுவே அதன் உடல் என்கிறது ஸ்ரீபாஷ்யம். அந்த இலக்கணப்படி உலகும் உயிர்களும் இறைவனின் உடல். முழு உடைமை அவனுக்கே, மற்ற எல்லோரும் சேஷம், அதாவது அவனுக்கு உரியவர்கள். தன் ஆத்மாவைத் தனக்கே சொந்தம் என்று எண்ணுவதை வைணவ மரபு திருட்டுக் கணக்கில் வைத்து ஆத்மாபகாரம் என்கிறது. தன்னையே சொந்தம் கொண்டாட முடியாதவர் அடுத்தவரின் தண்ணீரையும் தூக்கத்தையும் எப்படிக் கொண்டாடுவார்? சேஷத்துவம் குடியிருப்பவரை இன்னும் குனியத்தானே வைக்கும் என்று கேட்கலாம். அப்படி வளைப்பது எளிதுதான். ஆனால் எல்லோரும் ஒருவனுக்கே சேஷம் என்றால், ஒரு மனிதர் இன்னொரு மனிதருக்குச் சேஷமாக இடமே இல்லை.

கடவுளைப் பற்றிய பேச்சைப் பட்டாவுக்குள் கொண்டுவரலாமா என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். பட்டாவை யாரும் கிழிக்கச் சொல்லவில்லை. கடவுளைக் குறிப்பிடாத 1963ஆம் ஆண்டின் ஸ்பெசிஃபிக் ரிலீஃப் ஆக்ட், அதன் 6ஆம் பிரிவில், ஏறக்குறைய இதே இடத்துக்கு வருகிறது. சட்டவழியின்றி வெளியேற்றப்பட்டவர் 6 மாதத்துக்குள் வழக்குப் போட்டால், இடம் யாருக்குச் சொந்தம் என்று பார்க்காமலே கோர்ட் அனுபோகத்தைத் திருப்பித் தரலாம். உரிமையை ஓனர் தனி வழக்கில் நாட்டிக்கொள்ளட்டும். நிலைபெற்ற அனுபோகத்தில் இருப்பவரை, இருக்க உரிமை இல்லாதவராயினும், சட்டத்தின் வழியே அன்றி வெளியேற்றக் கூடாது என்று 1989இல் கிருஷ்ணராம் மஹாலே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், 2019 முதல், தண்ணீரையும் கரண்டையும் நிறுத்துவதைத் தடுக்கிறது. வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். அடிப்பேன், வெட்டுவேன் என்ற மிரட்டலுக்குப் போலீஸ் புகார், பாரதிய நியாய சன்ஹிதா 351ஆம் பிரிவு.

கடன் வாங்கி நாலு அறை கட்டியவரின் கதி? அவருக்கும் அதே வாடகைச் சட்டத்தில் கதவு உண்டு: இரண்டு மாத பாக்கி நின்று, நோட்டீசுக்குப் பிறகும் கட்டாதவரை வெளியேற்ற வாடகை நீதிமன்றம் போகலாம். நிஜமான ஓட்டை வேறிடத்தில். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவாகவும் வேண்டும் என்கிறது சட்டம். லைன் வீட்டில் ஒப்பந்தத் தாள் இல்லாமலே அட்வான்ஸ் கைக்குக் கை மாறுகிறது. அந்தத் தாள் இல்லாமலும் ஸ்பெசிஃபிக் ரிலீஃப் ஆக்டின் 6ஆம் பிரிவில் வழக்குப் போடலாம். அங்கே குடியிருந்தார் என்று காட்ட ஜிபேயில் மாதாமாதம் போன வாடகை, கேஸ் பில், அந்த இரண்டாவது பூட்டின் தேதி தெரியும் படம் ஆகியவை உதவும். 6 மாதக் கணக்கு அந்தத் தேதியில் தொடங்குகிறது.