முதிர்ந்த ஆலும் முதிராத உள்ளமும்



மூப்பைத் தடுக்கும் மருந்து எதனையும் பகவான் புத்தர் உலகிற்கு அளித்தாரில்லை. எண்பதாம் வயதில் அவர் தம் சரீரத்தை, வார்களால் கட்டி ஓட்டப்படும் பழைய வண்டிக்கு ஒப்பிட்டு ஆனந்தரிடம் உரைத்தார். ஆயினும், குசிநகரில் இறுதிப் படுக்கையில் கிடந்தபோது, ஐயம் தீர்க்க வந்த சுபத்தரை ஆனந்தர் தடுத்தும், பகவான் அவரை அருகழைத்துத் தம்மம் போதித்தார். உடல் தளர்ந்தது, கருணை தளரவில்லை.

இவ்வேறுபாட்டை நான் நெடுங்காலம் அறிந்தேனில்லை. ஆலையில் நூல் நூற்றுப் பிழைத்தவன் நான். ஐம்பதாம் வயதில் வேலை போயிற்று. நரைக்கு மை பூசிக்கொண்டு, ஜீடிமெட்லாத் தொழிற்பேட்டையில் வாயில் வாயிலாக நின்றேன். என் மகன் வயதுடைய பிள்ளைகளை உள்ளே அழைத்தனர், என்னை அழைப்பாரில்லை. அப்பிள்ளைகள்மேல் நான் அன்று கொண்ட பொறாமையை நினைக்க இன்றும் நாணுகிறேன்.

அந்நாளில்தான் மகபூப்நகரை அடுத்த பிள்ளலமர்ரி ஆலமரத்தின் செய்தி என் செவிக்கு எட்டியது. ஏறத்தாழ 700 ஆண்டு வயதுடையதெனக் கூறப்படும் அம்மரம், சுமார் 3 ஏக்கர் பரப்பில் நிழல் விரித்து நிற்பது. 2017ஆம் ஆண்டின் இறுதியில் அதன் பெருங்கிளை ஒன்று முறிந்து வீழ்ந்தது. மரத்தைக் கறையான் அரித்திருந்தது. 2018இல், நோயாளிக்கு ஏற்றுவதுபோலப் புட்டிகளைத் தொங்கவிட்டு, கறையான் மருந்தைச் சொட்டுச் சொட்டாய் மரத்தினுள் செலுத்தினர். தாழ்ந்த கிளைகளுக்குத் தூண் நிறுத்தினர். இளம் விழுதுகள் பழுதின்றி மண்ணை அடையக் குழாய் பொருத்தினர். மரம் பிழைத்தது.

அன்பர்களே, எழுநூறு ஆண்டு சாய்க்காத மரத்தைக் கறையான் சாய்க்கப் பார்த்தது. நம்மையும் நரை சாய்ப்பதில்லை. பொறாமை, பழம்பெருமை, ஆறாச் சினம் ஆகிய கறையான்களே சாய்க்கின்றன. தூணைத் தாங்கி நிற்க ஆலமரம் நாணவில்லை. பிள்ளைகளின் தோளைப் பற்ற நாம் ஏன் நாணவேண்டும்? எத்தனை வயதாயினும் ஆல் புதுவிழுது விடுகிறது. போதிசத்துவர் அம்பேத்கர் 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் திரிசரணம் ஏற்றபோது அவருக்கு வயது 65. உடலோ நோயால் நலிந்திருந்தது. அம்முதுமையில் அவர் விட்ட விழுதன்றோ இலட்சக்கணக்கானோரை இன்று தாங்குகிறது!

நான் மை பூசுவதை விட்டேன். இரவுக் காவல் வேலை கிடைத்தது. ஊதியம் சிறிது, கஞ்சிக்குப் போதும். அன்று பொறாமைப்பட்ட பிள்ளைகளுள் ஒருவனே எனக்குத் தெலுங்கு எழுத்துக் கற்பித்தான்; நான் அவனுக்குப் பஞ்சசீலம் கற்பித்தேன். எனக்கு ஒரு விழுது, அவனுக்கு ஒரு நிழல்.

முதியோரே, இன்றிரவு திரிசரணம் ஓதியபின் உங்களையே இரு வினாக்கள் கேளுங்கள்: என்னுள் அரிக்கும் கறையான் யாது? நான் விடவேண்டிய புதுவிழுது யாது? இளையோரே, உங்கள் இல்லத்து ஆலமரத்திற்குத் தூணாக நில்லுங்கள்.

சகல உயிர்களும் நலம் பெறுக! சாது! சாது! சாது!