பிறர் வீட்டு நிறம்

1965 பிப்ரவரியில் கேம்பிரிட்ஜ் யூனியன் விவாத மன்றத்தில் ஜேம்ஸ் பால்ட்வின் பேசினார். அமெரிக்கக் கனவு கறுப்பரின் இழப்பில் விளைந்ததா என்பது விவாதம். ஆமென்று 544 பேர், இல்லையென்று 164. மாணவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

அந்தக் கைதட்டல் எனக்கு உறுத்துகிறது. பொய்யென்று சொல்லவில்லை. நான்கே மாதம் முன்பு, இங்கிலாந்தின் ஸ்மெதிக்கில், வெள்ளையரல்லாதோர் குடியேற்றத்தை எதிர்த்து ஒரு வேட்பாளர் ஜெயித்திருந்தார்.

கடலுக்கு அப்பாலுள்ள இனவெறியைப் பேச மாணவனுக்குத் தூண்டுதல் தேவையில்லை. தன் அப்பா யாருக்கு வீடு வாடகைக்கு விடமாட்டார் என்று சொல்லும்போதுதான் குரல் தடுமாறும். ஆசிரியர் காத்திருக்க வேண்டியது அந்தத் தடுமாற்றத்துக்காக. அதற்கு மார்க் போடவும் கூடாது. வகுப்பிலுள்ள ஒரே கறுப்பு மாணவனைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவது வேறு காரியம். அவன் பேசாமலும் இருக்கலாம்.