யத்தீமின் கையைப் பற்றியவர் விடலாகாது

 

அண்ணல் நபி (ஸல்) அவர்களுக்கு ஆறு வயது. மதீனாவிலிருந்து திரும்பும் வழியில், அப்வாவில் அன்னை ஆமினா வஃபாத்தானார்கள். தந்தையையும் முன்பே இழந்த அக்குழந்தையை மக்காவுக்கு அழைத்து வந்தவர் யார்? அபிசீனியப் பெண்மணி உம்மு அய்மன் (ரலி). பெற்ற பிள்ளையுமன்று, சொந்த நாடுமன்று. ஆயினும் பற்றிய கையை அவர்கள் விடவில்லை. நபியவர்கள் பெரியவரான பின்னும் அவர்களைத் தாயாகவே மதித்து, வீடு தேடிச் சென்று கண்டார்கள்.

இன்று நம் வாலிபர் சிலர் வெளிநாட்டுக் குழந்தைகள் இல்லங்களில் சில வாரம் தொண்டு செய்ய விரும்புகின்றனர். நிய்யத் நல்லதே. ஆனால் மடியில் ஏறிப் பழகிய குழந்தை, அவர் போனபின் வாசலைப் பார்த்து நிற்குமே! 2000-இல் ருமேனியாவில் தொடங்கிய ஆய்விலும், சிறு வயதிலேயே இல்லத்திலிருந்து வளர்ப்புக் குடும்பம் சென்ற குழந்தைகளே நன்கு தேறினர். ஆகவே போகிறவர்கள் சமையல், துப்புரவு, பாடம் ஆகியவற்றில் உதவட்டும். மடி, நிலையாக இருப்பவருடையதாகட்டும்.

வேலூரிலும் ஆம்பூரிலும் நாம் மட்டும் என்ன செய்கிறோம்? ரமலானில் ஒரு நாள் யத்தீம்கானாவில் பிரியாணி போட்டு, படமெடுத்துத் திரும்புகிறோம். யத்தீமைக் கடிந்துகொள்ளாதீர் என்கிறது ‘வள்ளுஹா’ அத்தியாயம். ஆசை காட்டி மறப்பதும் அப்பிள்ளைக்கு நோவுதானே?

ஒரு குடும்பம் ஒரு பிள்ளையை ஏற்கட்டும். சொன்ன கிழமையில் தவறாமல் செல்லட்டும். அவன் தொழில் கற்று நிற்கும்வரை தொடரட்டும். யத்தீமை ஆதரிப்பவர் சுவனத்தில் நபியவர்களுக்கு இரு விரல்கள்போல் நெருங்கியிருப்பார். அல்லாஹ் நமக்கு அப்பாக்கியத்தை அருள்வானாக! ஆமீன்.